ஆறாம் வகுப்பில் நிற்கும் தட்டு

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில்தான் நடந்தது. மறு ஆண்டே தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவி, பின்னர் உதவி பெறும் பள்ளிகளையும் எட்டியது. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஆனால் ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது.

ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசி குறைந்துவிடுமா என்ன? உடம்பு வேகமாக வளர்வதே அதற்குப் பிறகுதான். கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடிக்கும் மாணவி, டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு வகுப்பில் உட்காருகிறாள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இதற்காகத்தான் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும்; குமட்டினால் அடுத்த வாரம் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகும்.

மதிய உணவுக்கும் எல்லை பத்தாம் வகுப்புதான். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, இரண்டே ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு விரிந்தது. காலை உணவும் அதே வழியில் போகலாம். முதல் கட்டமாக எட்டாம் வகுப்பு வரை நீட்டினால்கூடப் போதும். நடுநிலைப் பள்ளிகளில் அடுப்பும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கின்றன.