சத்தத்தை எண்ணிப் பாருங்கள்

வண்டியைப் போர்மேனிடம் கொண்டுபோய் நிறுத்தியதும் நம்மில் பலர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "ஒரு மாதிரி சத்தம் வருது." அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்து வண்டி வாயே திறக்காது. அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஊகம்தான். ஊகத்தில் சாமான்களை ஒவ்வொன்றாக மாற்றும்போது கரைவது நம் பணம்.

தாப்பாவில் இருக்கும் என் மாமாவின் ஃபோர் வீல் பிக்அப்புக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. உர மூட்டைகளோடு கேமரன் மலை ஏறி, காய்கறியோடு இறங்கும் வண்டி. சில மாதங்களாக அதில் 'கீச் கீச்' என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார்களாம். செலவு சில ஆயிரம் ரிங்கிட். மாமா சத்தத்தைப் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். "நீதான் ரேடியோக்காரியாச்சே, கேட்டுச் சொல்லும்மா."

பதிவில் மாமாவின் மூச்சும் காற்றும்தான் கேட்டன. போனில் குரல் பதியும் வசதி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பின்னால் விடாமல் ஒலிக்கும் எதையும் அது பெரும்பாலும் இரைச்சல் என்று அமுக்கிவிடும். வண்டிச் சத்தம் அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் மாமாவிடம் கேள்விகளாகக் கேட்கத் தொடங்கினேன். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நிறுத்திய வண்டியில் எண்ணெய் மிதித்தால்? சத்தம் இல்லை. சமதளத்தில் மெதுவாக ஓடும்போது கிளட்சை மிதித்தால்? சத்தம் நிற்கவில்லை, வண்டி வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. ஆக, எஞ்சின் பக்கம் பார்க்கத் தேவையில்லை. அதே வேகத்தில் இரண்டாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் ஓட்டச் சொன்னேன். சத்தத்தில் மாற்றமே இல்லை. கியர்பாக்ஸ் மேல் இருந்த சந்தேகமும் இதில் பெருமளவு போனது.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இந்த வகை பிக்அப்பின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நகரும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதே நேரத்தில் ஏறக்குறைய நான்கு முறை சுற்றும். டிஃபரன்ஷியலில்தான் அந்த வேகம் குறைந்து சக்கரத்துக்குப் போகிறது. எனவே விநாடிக்கு ஒரு 'கீச்' என்றால் சக்கரம், பிரேக் பக்கம் பார்க்கலாம். நான்கைந்து என்றால் ஷாஃப்ட்.

மாமா மகன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான். 10 விநாடியில் 45.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, மாமா வண்டிக்கடியில் படுத்தார். ஷாஃப்டின் முனைகளில் சிலுவை வடிவத்தில் யூ ஜாயிண்ட் இருக்கும். தண்டு மேலும் கீழும் வளைந்து சுழல இடம் கொடுப்பது அதுதான். அதன் மூடிகளுக்குள் ஊசி போன்ற சின்னச் சின்னப் பேரிங்குகள். சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் காய்ந்தால் அவை துருப்பிடித்து அரைபடும். பின்பக்க மூடியைச் சுற்றிச் செம்மண் போல் துருத்தூள். கையால் ஷாஃப்டைத் திருகியபோது 'டொக்' என்று ஆடியது. "இப்பதான் ஞாபகம் வருது, ரிவர்ஸ் போட்டாலும் இப்படித்தான் டொக்குன்னு ஒரு சத்தம்" என்றார்.

கீச்சென்ற சத்தம்தானே என்று இதை விட்டுவைக்க முடியாது. யூ ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட் ஒரு பக்கம் கழன்று விழும். முன்முனை தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடக்கூடும். பாரம் ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் அந்த வளைவுகளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம் என்று அத்தையும் நானும் ஒரே குரலில் சொன்னோம்.

வேறொரு போர்மேன் வீட்டுக்கே வந்து ஒரு காலையில் முடித்துவிட்டார். கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும் பின் அச்சின் முகப்பிலும் அவர் சாயத்தால் கோடு போட்டதைக் கவனித்தேன். இடம் மாற்றி மாட்டினால் அதிர்வு வரலாமாம். புது ஜாயிண்டில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. சேற்றில் இறங்கி வந்தால் அதில் கிரீஸ் அடிக்க வேண்டும். நிப்பிளே இல்லாத வகைகளும் உண்டு.

இடையில் மாமா மகன், 4எச்-இல் போட்டும் தார் ரோட்டில் சோதிக்கலாமா என்று கேட்டான். இத்தகைய பழைய வண்டிகள் பலவற்றில் முன் அச்சும் பின் அச்சும் அப்போது ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காய்ந்த ரோட்டில் திரும்பும்போது டயர் இழுபடும், முறுக்கு ஏறும். இல்லாத சத்தமெல்லாம் வரும்.

கீச் சத்தம் போன பிறகுதான் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று கேட்டது: 70, 80-ல் 'ஹூம்' என்று ஓர் உறுமல். வீல் பேரிங்கோ என்று பயந்தோம். ஆளில்லாத ரோட்டில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துப் பார்த்தார்கள். இடப்பக்கம் திருப்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் விழும். வலப் பேரிங் தேய்ந்திருந்தால் அப்போது உறுமல் கூடும். கூடவில்லை. புதிதாகத் தார் போட்ட இடத்தில் மட்டும் சட்டென்று குறைந்தது. ஆக, அது சேற்று டயரின் சத்தம். மழையில் தோட்டப் பாதை ஏற வேறு டயர் ஆகாது என்கிறார் மாமா. அதனால் அது அப்படியே இருக்கிறது.