மறதிக்கு மெமோ மருந்தாகுமா?

"வேலையில் கவனமில்லை." ஆலைத் தொழிலாளிக்கு இந்த வாசகத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. முதலில் மெமோவாக வரும். மூன்றாவது மெமோவுக்குப் பிறகு விசாரணை நோட்டீசாக வரும். 1946ஆம் வருஷத்தில் நிலையாணைச் சட்டம் வந்தபோதே, மாதிரி விதிகளில் 'வழக்கமான அசட்டை'யையும் ஒழுங்கீனம் என்று சேர்த்து எழுதிவிட்டார்கள். வயலில் வேலை செய்கிறவருக்கு மெமோகூடக் கிடையாது. மடையை அடைக்க மறந்தார், மோட்டாரை நிறுத்த மறந்தார் என்றால், மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். அவ்வளவுதான்.

இப்படிப் பேர் வாங்கியவர்கள் எல்லோரும் அசட்டைக்காரர்கள்தானா? வைத்திய சாஸ்திரம் இல்லை என்கிறது.

ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் குறிப்பிடும் கவனக் குறைபாடு ஒன்று உண்டு. அறிவில் எந்தக் குறைவும் இல்லாமலே, எதிலும் நிலைத்து நிற்க முடியாத குழந்தைகளைப் பற்றி லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற வைத்தியர் 1902-லேயே சொற்பொழிவு செய்திருக்கிறார். பிள்ளைப் பருவத்தோடு அது போய்விடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பலருக்குப் போவதில்லை என்று இப்போது தெரிந்திருக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தவர்களில் 100 பேருக்கு 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கிறது. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் இருபது பேருக்குமேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மறதி முதியவர்களுக்கு வரும் மறதியைப் போன்றதல்ல. ரிங் பிரேமில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருக்கிறார் ஒரு தொழிலாளி. மேஸ்திரி வந்து, "இது முடிந்ததும் அந்தக் கூடையை எடுத்து வை" என்கிறார். "சரி" என்கிறார் தொழிலாளி. மனதாரத்தான் சொல்கிறார். அதற்குள் இன்னொரு இழை அறுகிறது. பக்கத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள். கூடை மனதைவிட்டே போய்விடுகிறது. அரைமணி கழித்து மேஸ்திரி வந்து சத்தம் போடும்போதுதான் நினைவு வருகிறது. அதே தொழிலாளி இருபது வருஷத்துக்கு முன் நடந்த ஸ்டிரைக்கில் யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். "அதெல்லாம் நினைவிருக்கிறது, கூடை மட்டும் மறந்துவிட்டதா?" என்று கேலி செய்வார்கள். வியாதியின் லட்சணமே அதுதான். விஷயம் மனதில் சரியாகப் பதிவதில்லை, அல்லது செய்யவேண்டிய நேரத்தில் மேலே வருவதில்லை. ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு விபத்துகள் கூடுதலாக நேர்கின்றன என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

பெண்களின் பாடு இன்னும் மோசம். வகுப்பில் குதித்துத் திரியும் பையனையாவது வாத்தியார் கவனிக்கிறார்; அடிக்கவாவது செய்கிறார். மூலையில் சும்மா உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. அவள் வளர்ந்து ஆலைக்கும் நடவுக்கும் போகிறாள். வீட்டில் அடுப்பையும் பார்க்கிறாள். பால் பொங்கி வழிந்தால் 'பொறுப்பில்லாதவள்' என்ற பட்டம் உடனே கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஒன்று, தோழர்களே. மறப்பவர்களுக்கெல்லாம் இந்தக் குறைபாடுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு வாரம் பகல், மறுவாரம் நைட் ஷிப்டு, நடுவில் ஓவர்டைம் என்று ஆளைப் பம்பரமாகச் சுற்றவிட்டால் எவருக்குத்தான் ஞாபகம் நிற்கும்? தூக்கம் கெட்டவருக்கு மறதி வரும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, குடிப்பழக்கம், மனச்சோர்வு எல்லாமே மறதியைக் கொண்டுவரும். கடன் கவலையும் கொண்டுவரும். அடையாளம் ஒன்று உண்டு. கவனக் குறைபாடு நாற்பது வயதில் திடீரென்று முளைப்பதில்லை. 12 வயதுக்கு முன்பே அதன் அறிகுறிகள் தெரிந்திருக்கும். போன வருஷம்வரை ஒழுங்காக இருந்தவருக்கு இப்போது மறதி என்றால் காரணம் வேறு. அதையும் டாக்டரிடம்தான் காட்டவேண்டும்.

எந்த டாக்டர்? கடைவீதியில் ஞாபகசக்திக்கு லேகியம் விற்பவர் அல்ல. மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் அங்கே அனுப்பிவைப்பார்கள். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் தங்கள் டிஸ்பென்சரி டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். எங்கே போவதென்றே தெரியவில்லையானால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

"மனநலப் பிரிவா? பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களே!" இந்தப் பயம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கில், பல மனநோய்களுக்கு 100-க்கு 70 பேருக்குமேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று தெரிந்தது. வெட்கம் ஒரு காரணம். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது என்பது இன்னொரு காரணம்.

டாக்டர் என்ன செய்வார்? ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இந்தக் குறைபாட்டைக் காட்டாது. வேறு காரணங்களை விலக்கத்தான் ரத்தம் எடுப்பார்கள். முக்கியமானது பேச்சு. பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தீர்கள், எதை அடிக்கடி தொலைப்பீர்கள், எத்தனை வேலை மாறினீர்கள் என்று கேட்பார். அம்மாவையோ அண்ணனையோ அழைத்துப் போனால் நல்லது. நம் பிள்ளைப் பருவம் நம்மைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பழைய மதிப்பெண் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். கடைசி மூன்று மாதத்தில் என்னென்ன மறந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மறதிக்கு வைத்தியம் கேட்கப் போய், சொல்ல வேண்டியதை அங்கே மறந்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு!

மாத்திரை தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். மெத்தில்பெனிடேட் பலருக்கு நல்ல பலன் தருகிறது; சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து, சீட்டில்லாமல் கிடைக்காது. அட்டோமாக்ஸிடின் வேறு வகை. பலன் தெரியச் சில வாரம் ஆகும். ரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் ஷிப்டையும் கட்டாயம் சொல்லுங்கள். காலையில் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதுவது இரவில் தூங்குகிறவருக்கு. நைட் ஷிப்டு முடித்துவந்து காலையில் அதைப் போட்டுக்கொண்டால் பகல் தூக்கமும் போய்விடும். சக தொழிலாளியின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடும் வேலை வேண்டவே வேண்டாம்.

மாத்திரையோடு பழக்கமும் வேண்டும். டோக்கனுக்கும் சாவிக்கும் வீட்டில் ஒரே ஆணி. மோட்டார் போட்டதும் போனில் அலாரம். மேஸ்திரி சொன்ன வேலையை அப்போதே திருப்பிச் சொல்லி, கையட்டையில் குறித்துக்கொள்வது. சின்ன விஷயங்கள்தான். ஆனால் இயந்திரத்தின் அருகே செய்யவேண்டிய வேலைகளை ஒரு பலகையில் வரிசையாக எழுதி மாட்டுவது ஆலையின் வேலை. அதற்கு என்ன செலவாகிவிடும்?

டாக்டர் கொடுத்த சீட்டை நிர்வாகத்திடம் காட்டலாமா என்ற கேள்வி வரும். அவசரப்பட்டுக் காட்டவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 'இயந்திரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை' என்று திருப்பிவிடத் தயங்காத நிர்வாகங்கள் உண்டு. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது, கவனக் குறைபாடு தனிப் பெயராக இல்லை. ஆகவே முதலில் சங்கத்தில் பேசுங்கள். விசாரணை நோட்டீஸ் வந்துவிட்டதென்றால் விஷயம் வேறு. அப்போது சங்கப் பிரதிநிதி மூலம் டாக்டரின் சீட்டை முன்வைத்துப் பதில் கொடுக்கவேண்டும். 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் இடங்களில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். நோயாளியின் விஷயத்தை ரகசியமாக வைக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சட்டத்தில் எழுதினால் போதுமா? மாவட்டத் தலைநகருக்குப் போய்வர விவசாயத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு வேறு. மாதாமாதம் போகவேண்டிய வைத்தியம் இது. இரண்டு மாதம் போவார். மூன்றாம் மாதம் நின்றுவிடுவார். 'வைத்தியத்திலும் அசட்டை' என்று அதற்கும் பேர் வைப்பார்கள். மனநல மருத்துவர் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது தாலுகா ஆஸ்பத்திரியில் உட்காரவேண்டும். மாத்திரை அங்கேயே கிடைக்கவேண்டும். ஆலையில் கவனக் குறைவு என்று மெமோ கொடுக்குமுன் வைத்தியப் பரிசோதனைக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுக்கவேண்டும். போனசும் பஞ்சப்படியும் கேட்கும் கோரிக்கை மனுவிலேயே இந்த லீவையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்கலாம். கிராமத்துச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை டாக்டரைக் கேட்டுக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம்.