முதலில் நிக்கட்டும், அப்புறம் ஓடட்டும்

ஃபைனல் இயர் வந்துட்டா ஹாஸ்டல்ல ரெண்டே பேச்சுதான். ஒண்ணு ப்ளேஸ்மென்ட். இன்னொண்ணு, முதல் சம்பளம் வந்ததும் வாங்கப்போற வண்டி. நீங்களும் மெஸ்ல உட்கார்ந்து பேசியிருப்பீங்க: பழைய கார் ஒண்ணை அடிமாட்டு விலைக்கு எடுத்து, எக்ஸாஸ்ட் மாத்தி, ஈசியூ ரீமேப் பண்ணி, ட்ராக்ல இறக்கிடலாம்னு. நாங்க நாலு பேர் அதைப் பேசினதோட நிறுத்தல, செஞ்சும் பார்த்தோம். தப்பான வரிசையில செஞ்சோம். அதனாலதான் இந்தக் கட்டுரை. (பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம்ல படிச்சவன், எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் திருத்தியிருப்பார்னு நம்பிக்கை.)

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பழைய காரை ட்ராக் காரா மாத்த நினைக்கிறவங்க எஞ்சின் பக்கம் கடைசியாத்தான் போகணும். பிரேக்குக்கும் டயருக்கும் ட்ராக் நுழைவுக் கட்டணத்துக்கும் காசு ஒதுக்காம பவருக்குச் செலவு பண்ணினா, உங்க கையில இருக்கிறது ட்ராக் கார் இல்ல. ராத்திரி பைபாஸ்ல யாரையாவது இடிக்கப்போற வண்டி.

ட்ராக் கார்னு சொன்னதும் வெளிநாட்டு யூட்யூப் வீடியோக்கள்ல வர்றது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல வந்த ரெண்டு சீட்டர், சின்ன 1.6 லிட்டர் எஞ்சின், குறைஞ்ச எடை. உலகத்துல பாதி அமெச்சூர் ஓட்டுநர்கள் அதுலதான் கத்துக்கறாங்கன்னு சொல்ற அளவுக்குப் பிரபலம். நம்ம ஊர்ல அது விற்பனைக்கு வரல. ஒரு மாணவன் பட்ஜெட்ல நமக்குக் கிடைக்கிற ஸ்போர்ட்ஸ் கார்னா அது பழைய மாருதி எஸ்டீம்தான். சிரிக்காதீங்க. 1.3 லிட்டர் எஞ்சின், 85 குதிரைத்திறன், எடை 900 கிலோவுக்குள்ள. இந்தியாவின் சலூன் கார் ரேஸ்கள்ல பல வருஷம் ஓடின வண்டி அது. ஸ்பேர்ஸ் இன்னிக்கும் உக்கடம் பக்கம் தேடினா கிடைக்கும்.

2002 மாடல் ஒண்ணை 70 ஆயிரத்துக்கு வாங்கினோம். ஆர்சி புதுப்பிச்சது, எஃப்சி இருந்தது. அப்புறம் நாங்க பண்ணின செலவு இது: அலாய் வீல், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஸ்டிக்கர். மொத்தம் 42 ஆயிரம். பிரேக்குக்கு ஒரு ரூபாய்கூட இல்ல. "பிரேக் நல்லாத்தானே புடிக்குது?"ன்னு கேட்டது நான்தான்.

அந்த வண்டியைச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு ஒரு ட்ராக் டேக்கு எடுத்துட்டுப் போனோம். சுமார் 2.1 கிலோமீட்டர் சுற்று. முதல் ரெண்டு சுற்று சொர்க்கம். மூணாவது சுற்றுல, ஸ்ட்ரெய்ட் முடியற இடத்துல பிரேக்கை மிதிச்சேன். பெடல் ஒரு எதிர்ப்பும் இல்லாம தரை வரைக்கும் போயிடுச்சு. தலையணையை மிதிச்ச மாதிரி. கியரை இறக்கி, பெடலைப் பம்ப் பண்ணி, மண்ணுக்குள்ள இறங்கி ஒரு வழியா நின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல. பம்பர் போச்சு, கை நடுக்கம் சாயங்காலம் வரைக்கும் போகல.

என்ன நடந்துச்சுன்னு நாம படிச்ச ஃபார்முலாவாலயே பார்க்கலாம். வண்டியும் ஓட்டுநரும் சேர்த்து சுமார் 1000 கிலோன்னு வச்சுக்கோங்க. 120 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 60-க்கு இறக்கணும். இயக்க ஆற்றல்ல குறையறது ஏறக்குறைய 417 கிலோ ஜூல். 30 டிகிரியில இருக்கிற 1.4 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது. இதுல பெரும்பங்கு முன்பக்க டிஸ்க்குலயும் பேட்லயும்தான் இறங்குது. ஒரு சுற்றுல இந்த மாதிரி ரெண்டு மூணு இடம் வரும், ஆற நேரம் இல்லாம அடுத்த சுற்று வந்துடும். வெப்பம் பேட் வழியா காலிப்பருக்கும், அங்கிருந்து பிரேக் ஃப்ளூயிடுக்கும் போகும்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றுல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஃப்ளூயிடுக்குப் புதுசா இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் ஏறினப்புறம் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினா 155. எங்க வண்டியில இருந்த ஃப்ளூயிடை முந்தைய ஓனர் எந்தக் காலத்துல மாத்தினாரோ! அது கொதிச்சு ஆவியாச்சு. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நம்ம கால் கொடுக்கிற அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்கறதுலயே தீர்ந்துபோகும். அரை லிட்டர் டாட் 4 சில நூறு ரூபாய்தான். 42 ஆயிரத்துல அதுக்கு இடம் இல்லாம போச்சு.

எங்க மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்துட்டுத் திட்டல. "ஏனுங் தம்பி, ஓடறதுக்கு இவ்வளவு பண்ணியிருக்கீங்களே, நிக்கறதுக்கு என்ன பண்ணுனீங்க?"ன்னு மட்டும் கேட்டாரு.

இதுவரைக்கும் சொன்னது எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கேட்கிற கதை. இனிமே சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்லல.

அந்த ட்ராக் டேக்கு ஒரு வாரம் முன்னாடி, அதே வண்டியை, அதே பிரேக்கோட, ராத்திரி பதினொண்ணரைக்கு பைபாஸ்ல 130 ஓட்டினேன். பின்சீட்ல நம்ம செட் பசங்க ரெண்டு பேர் போன்ல வீடியோ எடுத்துட்டிருந்தாங்க. மீடியன் இடைவெளியில இருந்து டிவிஎஸ் எக்ஸ்எல்ல ஒரு பெரியவர், ரெண்டு பக்கமும் பால் கேன், மெதுவா குறுக்கே வந்தாரு. பிரேக் பிடிச்சது. ரெண்டு மூணு அடி இடைவெளியில நின்னோம். அவர் எங்களைத் திட்டக்கூட இல்ல, "பாத்துப் போங்க கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கு பிரேக் ஏன் பிடிச்சது? அன்னிக்கு அதை ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன், ஃப்ளூயிட் குளிர்ச்சியா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை அதே வேகத்துல இருந்து மிதிச்சிருந்தா, செட்டிபாளையத்துல மண்ணுக்குள்ள போன வண்டி பைபாஸ்ல அந்தப் பெரியவர் மேல போயிருக்கும். ரோடு நம்ம வண்டியோட குறையை மறைச்சு வைக்கும். ட்ராக் மூணே சுற்றுல வெளியே கொண்டுவந்துடும். நான் ட்ராக் பக்கம் நிக்கறதுக்கு முதல் காரணம் இதுதான்.

சரி, அப்போ எந்த வரிசையில செய்யணும்? நான் இப்போ நம்பற வரிசையைச் சொல்றேன்.

முதல்ல பிரேக். புது டாட் 4 ஃப்ளூயிட், வெப்பம் தாங்கற பேட், விரிசல் இல்லாத ஹோஸ், நல்ல டிஸ்க். நம்ம காலேஜ் டீம்ல ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் கட்டினவங்களைக் கேளுங்க. பிரேக் டெஸ்ட்ல நாலு சக்கரமும் லாக் ஆகலைன்னா, வண்டி எவ்வளவு வேகமா இருந்தாலும் ஓட விடமாட்டாங்க. போட்டி நடத்தறவங்க முதல்ல நிக்குதான்னுதான் பார்க்கறாங்க. நாமளும் அதையே பார்க்கலாம்.

ரெண்டாவது டயர். பட்டன் ஆழம் இருந்தா போதாது. பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சது. ரப்பர் வயசாக ஆக இறுகிடும், பிடிப்பு போயிடும்.

மூணாவது எண்ணெயும் குளிர்ச்சியும். நீளமான வளைவுல ஆயில் சம்ப்ல ஒரு பக்கமா ஒதுங்கும். பிக்கப் காற்றை உறிஞ்சினா பேரிங் காலி. அளவு மேல் கோட்டுல இருக்கணும், அதைத் தாண்டவும் கூடாது. பழைய ரேடியேட்டர் ஹோஸை மாத்துங்க.

நாலாவது சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங். இருபது வருஷ வண்டியில இதெல்லாம் புதுசாப் போட்டாலே வேற வண்டி மாதிரி இருக்கும்.

அப்புறம் எடை. பின்சீட், ஸ்பேர் வீல், ஜாக்கி, கார்பெட்டைக் கழட்டறதுக்குக் காசே வேண்டாம். எடை குறைஞ்சா வேகம் கூடும், பிரேக்குக்கு வேலை குறையும், டயர் தேய்மானமும் குறையும். எஞ்சின்ல பவர் ஏத்தினா இதுல முதலாவது மட்டும்தான் கிடைக்கும், மத்த ரெண்டும் மோசமாகும். இந்த ட்ராக் யார் பேர்ல இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன். மாருதி 800-ஓட 796 சிசி எஞ்சினை வச்சே நம்ம நாட்டுக்கு ஃபார்முலா கார் கட்டினவர். சின்ன எஞ்சினை லேசான வண்டியில வச்சாரு, அதுல ஒரு தலைமுறையே ரேஸ் கத்துக்கிச்சு.

ஒரு எச்சரிக்கை. அரைகுறைப் பாதுகாப்பு ரொம்ப ஆபத்து. ரோல் கேஜ் இல்லாத வண்டியில நாலு பாயின்ட் ஹார்னஸ் மட்டும் போட்டா, வண்டி கவிழும்போது உடம்பு நிமிர்ந்தபடியே நிக்கும், கூரை கீழே வரும். கேஜ் போட்டுட்டு ஹெல்மெட் இல்லாம ரோட்டுல ஓட்டினா, சின்ன இடியிலயும் தலை இரும்புக் கம்பியில மோதும். ஒண்ணு முழுசாப் பண்ணுங்க, இல்லைன்னா கம்பெனி கொடுத்த சீட்டும் பெல்ட்டும், கூட நல்ல ஹெல்மெட்டும் போதும்.

சட்டமும் இங்கதான் வருது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியோட அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்த விடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லியிருக்கு. அதனால கேஜ் வெல்டிங் பண்ணின வண்டி ட்ராக்குக்கு ட்ரக் மேலதான் போகணும். அதுக்குக் காசில்லாத நாங்க, திரும்ப மாட்டக்கூடியதை மட்டும் கழட்டறதுன்னு முடிவு பண்ணிட்டோம். பின்சீட் ட்ராக்குக்குப் போனப்புறம் கழட்டப்படும், கிளம்பும்போது மாட்டப்படும். இன்சூரன்ஸையும் நம்பாதீங்க. சாதாரண பாலிசியில ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் கவர் கிடையாது.

"இதெல்லாம் பணக்காரப் பசங்க விளையாட்டு"ன்னு என் ரூம்மேட் சொல்றான். பாதி உண்மை. என் அப்பாவோட மாசச் சம்பளத்தைவிட அதிகமா நாங்க அந்த வண்டியில கொட்டியிருக்கோம், அதுல எனக்குக் கூச்சம் இருக்கு. ஆனா வீணானது பெரும்பாலும் எக்ஸாஸ்ட்டுக்கும் அலாய்க்கும் போன காசு. அமெரிக்காவுல 2006-ல இருந்து 24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்னு ஒரு போட்டி நடக்குது. 500 டாலருக்கு மேல மதிப்புள்ள கார் கூடாதுன்னு விதி. ஆனா பிரேக், டயர், பாதுகாப்புச் சாமான் எல்லாம் அந்தக் கணக்குல சேராது. எவ்வளவு வேணும்னாலும் செலவு பண்ணலாம். உயிர் காக்கிறதுல கஞ்சத்தனம் வரக்கூடாதுன்னு அந்த விதியை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுவும் முடியலைன்னா கோ-கார்ட்ல ஆரம்பிங்க, ரேஸ் நாள்ல மார்ஷலா நில்லுங்க. கொடி பிடிச்சு நின்னே நிறைய கத்துக்கலாம்.

"ட்ராக்லயும் சாவு நடக்குதே?" நடக்குது. 2023-ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல மட்டும் ரெண்டு பேர் இறந்தாங்க. ஜனவரியில 59 வயசு கே.ஈ. குமார், பல வருஷ அனுபவம் உள்ள ரேஸர். ஆகஸ்ட்ல 13 வயசு ஷ்ரேயாஸ் ஹரீஷ், பைக் ரேஸ்ல. ட்ராக் பாதுகாப்பானதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா அங்க எல்லாரும் ஒரே திசையில போறாங்க, ஆம்புலன்ஸ் நிக்குது, எதிர்ல லாரி வராது. முக்கியமா, ரிஸ்க் எடுக்கிறவனுக்குத்தான் அங்க ரிஸ்க். பால் கேன் எடுத்துட்டுப் போன பெரியவர் எங்க விளையாட்டுல சேர்றேன்னு எப்போ சொன்னாரு?

எஸ்டீம் இப்போ அந்த அண்ணனோட ஷெட்ல நிக்குது. அலாய் வீலை வித்துட்டோம், அந்தக் காசு பிரேக்குக்குப் போச்சு. எஞ்சின் கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கு. செமஸ்டர் முடிஞ்சதும் மறுபடி செட்டிபாளையம். பைபாஸ் எடுத்த வீடியோ யார் போன்லயும் இல்ல, நானே அழிக்கச் சொன்னேன்.

நீங்க காரே வாங்கப்போறதில்லைன்னாலும் ஒரு வேலை செய்யுங்க. இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனா, வீட்டுக் காரோட பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. மூடியைத் திறக்க வேண்டாம், வெளியிலயே நிறம் தெரியும். டிகாக்‌ஷன் நிறத்துல இருந்தா, இல்ல கடைசியா எப்போ மாத்தினதுன்னு அப்பாவுக்கே ஞாபகம் இல்லைன்னா, மெக்கானிக்கிட்ட சொல்லி மாத்திடுங்க. சில நூறு ரூபாய்தான். எங்களுக்கு அது ஒரு பம்பரோட தெரிஞ்சுது.