உங்க லேப்டாப்பில் அழகு, அவங்க கம்ப்யூட்டரில் அலங்கோலம்: பிபிடி ஃபைல் ஏன் இப்படி மாறுகிறது?

ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து செய்த பிரசன்டேஷன். காலையில் கிளையன்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தால் தலைப்பு இரண்டு வரியாக உடைந்து கிடக்கிறது, கடைசி வரி ஸ்லைடுக்கு வெளியே தொங்குகிறது. "என் லேப்டாப்ல நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்கிறார் அனுப்பியவர். அவர் பொய் சொல்லவில்லை. ஃபைலும் கெட்டுப்போகவில்லை.

பிபிடிஎக்ஸ் ஃபைல் ஒரு படம் அல்ல. அது ஒரு ஜிப் மூட்டை. "இந்த இடத்தில், இந்த ஃபான்டில், இந்த அளவில் எழுது" என்ற குறிப்புகள் எக்ஸ்எம்எல் வடிவில் அதற்குள் இருக்கும். திறக்கும் மென்பொருள்தான் அதைப் படித்து ஸ்லைடை வரைகிறது. கேட்ட ஃபான்ட் அங்கே இல்லையென்றால் கையில் இருக்கும் வேறொன்றைப் போடும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

2023-ல் மைக்ரோசாஃப்ட், ஆபீஸின் வழக்கமான ஃபான்டை கலிப்ரியிலிருந்து ஆப்டோஸுக்கு மாற்றியது. புது லேப்டாப்காரர் எதையும் தேர்வு செய்யாமலேயே ஆப்டோஸில் எழுதுகிறார். பழைய ஆபீஸ் வைத்திருப்பவரிடம் அது பெரும்பாலும் இருக்காது.

தமிழில் செய்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்று, புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் ஃபான்ட் மாறினாலும் எழுத்து தமிழாகவே இருக்கும். இன்னமும் பாமினியில் டைப் செய்து அனுப்பும் அலுவலகங்களுக்கு யார் சொல்வது?

இதற்கெல்லாம் பொதுத்தரமே இல்லையா என்றால், இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் வடிவம் 2008-ல் ஐஎஸ்ஓ தரமானது. ஆனால் அதில் 'ஸ்ட்ரிக்ட்', 'டிரான்சிஷனல்' என இரண்டு வகை. பழைய ஆவணங்களின் சுமையைத் தாங்குவதற்காக வைத்த டிரான்சிஷனல்தான் பவர்பாயின்ட்டில் இன்றும் வழக்கமான சேமிப்பு முறை. தற்காலிக ஷெட் நிரந்தர வீடான கதை. இதன் சுமை லிப்ரெ ஆபீஸ், கூகுள் ஸ்லைட்ஸ், கீநோட் தலையிலும், கடைசியில் பயனர் தலையிலும் விழுகிறது.

பிடிஎஃப் அனுப்பினால் தோற்றம் மாறாது, உண்மைதான். ஆனால் மேனேஜர் ஒரு எண்ணைத் திருத்த நினைத்தால் அது உதவாது. எனவே திருத்த வேண்டிய ஃபைலோடு, 'எப்படித் தெரிய வேண்டும்' என்பதற்கு ஒரு பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்புவது நல்லது.

பவர்பாயின்ட்டின் சேவ் ஆப்ஷன்ஸில் ஃபான்டை ஃபைலுக்குள்ளேயே பதிக்கும் வசதி உண்டு. அங்கே, பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதிப்பதா, எல்லா எழுத்துகளையுமா என்று கேட்கும். அடுத்தவர் திருத்தப் போகிறார் என்றால் எல்லாவற்றையும் பதிக்க வேண்டும். ஃபைல் கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை. பதிக்க அனுமதிக்காத ஃபான்ட்களும் உண்டு; பதித்ததை எல்லா மென்பொருளும் மதிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே முக்கியமான மீட்டிங் என்றால், எந்த மென்பொருளில், எந்த வெர்ஷனில் திறப்பார்கள் என்று முந்தின நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.