மானியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், வரும் ஜனவரியில் மெக்சிகோ போகலாம், வாருங்கள் மாமா என்று அழைத்தான். கான்கூனில் நான்கு நாள் கடற்கரை, நடுவே ஒரு நாள் பஸ்ஸில் சிச்சேன் இட்சா, பிறகு வீடு. இதுதான் அவன் திட்டம். கடல் பார்க்க அவ்வளவு தூரம் வர எனக்கு மனமில்லை. யுகடான் தீபகற்பத்தின் உட்பகுதியில் ஒரு வாரம் காரில் சுற்றலாமே என்றேன். நல்ல பிள்ளை, ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

நான் புரட்டிய சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் ஒரே பல்லவியைப் பாடுகின்றன: காலனிய நகரங்களும் மாயா இடிபாடுகளும். தமிழ் இலக்கணத்தில் இதை எண்ணும்மை என்போம். தனித்தனியான இரண்டு பொருள்களை அடுக்கிச் சொல்லும் ‘உம்’. திங்கள்கிழமை நகரம், செவ்வாய்க்கிழமை இடிபாடு என்று பிரித்துத் திட்டமிட வசதியான உம்தான். ஆனால் யுகடானில் அந்த இரண்டும் தனித்தனி அல்ல. ஒன்று இடிந்ததால்தான் மற்றது எழுந்தது.

மெரிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சிஸ்கோ டி மொன்டேஹோ என்ற ஸ்பானியத் தளபதி 1542 ஜனவரி 6-ஆம் தேதி நிறுவிய நகரம். அவர் வெட்ட வெளியில் வந்து கொடி நாட்டவில்லை. தோ என்ற மாயா ஊர் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதன் கோயில்களையும் மேடைகளையும் பிரித்தெடுத்த கல், 1598-ல் முடிந்த கதீட்ரலின் சுவருக்குப் போனது. எதிரே பூங்காவின் தென்புறத்தில் மொன்டேஹோ குடும்பத்தின் மாளிகை நிற்கிறது. அதன் முகப்பில் ஈட்டி ஏந்திய இரு வீரர்கள், மனிதத் தலைகளின் மீது கால் வைத்து நிற்பதாகச் செதுக்கியிருக்கிறார்கள். யாருடைய தலை என்று விளக்கப் பலகை வேண்டியதில்லை.

மெரிடாவிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் இஸமால். ஊர் முழுக்க மஞ்சள் பூச்சு. நடுவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். வாடிகனுக்கு அடுத்தபடியாகப் பெரிய முற்றம் என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். 1993-ல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து பூர்வகுடிப் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அந்த மடம் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது? தலை சீவப்பட்ட ஒரு பிரமிடின் அடித்தளத்தின்மேல் அது உட்கார்ந்திருக்கிறது. சில தெருக்கள் தள்ளி கினிச் காக் மோ என்ற பிரமிடு தப்பிப் பிழைத்து நிற்கிறது. அதன் உச்சிக்கு ஏறினால் எதிரே மஞ்சள் மடம் தெரியும். என் கையேட்டில் மடம் ஒரு பக்கம், பிரமிடு வேறொரு பக்கம்.

இதுவரை மருமகன் தலையாட்டினான். தகராறு மானியில் வந்தது.

மானி மெரிடாவுக்குத் தெற்கே உள்ள சிறிய ஊர். வழியிலேயே உஷ்மால் இருக்கிறது. நீள்வட்ட அடித்தளம் கொண்ட சூனியக்காரன் பிரமிடு, சுவரெங்கும் மழைத் தெய்வம் சாக்கின் முகங்கள். ஆறே இல்லாத அந்தச் சுண்ணாம்பு நிலத்தில், நிலத்தடித் தொட்டிகளில் மழைநீரைச் சேர்த்துவைத்து வாழ்ந்த நகரம் அது. அதைப் பார்க்க மருமகனுக்கு ஆட்சேபணை இல்லை. “மானியில் பார்க்க என்ன மாமா இருக்கிறது? ஒரு பழைய சர்ச், ஒரு சாப்பாட்டுக் கடை என்றுதான் போட்டிருக்கிறது” என்றான். உண்மைதான். பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள்.

1562-ல் மானிக்கு அருகே ஒரு குகையில் சிலைகளும் மண்டை ஓடுகளும் கிடைத்தன. ஞானஸ்நானம் பெற்ற மக்கள் பழைய தெய்வங்களை விடவில்லை என்பது தெரிந்ததும் துறவிகள் கொதித்தார்கள். இஸமால் மடத்தை எழுப்புவதில் முன்னின்ற டியேகோ டி லாண்டா அப்போது யுகடானின் பிரான்சிஸ்கன் தலைவர். அவர் விசாரணையில் இறங்கினார். மூன்று மாதங்களில் 4,500-க்கும் அதிகமானோர் சித்திரவதைக்கு ஆளானார்கள், 158 பேர் அதில் இறந்தார்கள் என்று பின்னர் அரசு நடத்திய விசாரணையில் வெளிவந்தது. ஜூலை 12-ஆம் தேதி மானி மடத்தின் முன் தீ வளர்த்தார்கள். சுமார் 5,000 சிலைகள், 27 ஏடுகள் என்று பிற்காலக் குறிப்புகள் கணக்குச் சொல்கின்றன. எண்ணிக்கை முன்பின் இருக்கலாம். மரப்பட்டைத் தாளில் எழுதிய மாயா நூல்களில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. அவற்றில் மூன்று டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவன் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது என்றேன். இன்னொரு காரணமும் உண்டு. லாண்டா செய்தது அதிகம் என்று புதிதாக வந்த பிஷப்பே புகார் செய்ய, லாண்டா ஸ்பெயினுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கே 1566 வாக்கில் யுகடான் பற்றி ஒரு நூல் எழுதினார். விடுதலையாகி 1573-ல் அதே யுகடானுக்கு பிஷப்பாகத் திரும்பினார் என்பது வேறு கதை. அந்த நூலில் மாயா ‘அரிச்சுவடி’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஏடுகளை எரித்தவரே எழுத்துக்குச் சாவியையும் விட்டுப்போனார். ஆனால் அது சாவி என்பது 400 ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

லாண்டா தன் எழுத்துகளைப் போலவே மாயா எழுத்தும் இருக்கும் என்று நம்பினார். ஸ்பானிய எழுத்து ஒன்றின் பெயர் ‘பே’. அதை எழுது என்று உள்ளூர் எழுத்தரிடம் சொன்னார். அவரோ ‘பே’ என்ற ஒலிக்கான குறியை, அதாவது பாதச்சுவடு பதிந்த ஒரு பாதையை, வரைந்து கொடுத்தார். மாயா மொழியில் பே என்றால் பாதை. மெய்யெழுத்தைக் கேட்டவருக்கு உயிர்மெய் கிடைத்தது. நம் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ககர வரிசை தெரியும்; அதைக் கேட்டிருந்தால் அப்போதே விஷயத்தைச் சொல்லியிருக்கும். இப்படியே கேட்டுக் கேட்டு எழுத்தரைப் படுத்தியிருக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது, தனக்கு விருப்பமில்லை என்று பொருள்படும் வாக்கியத்தை அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் லாண்டா சிரத்தையாகத் தன் நூலில் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் குறிகள் அசைகள் என்று 1952-ல் கண்டு சொன்னவர், யுகடானில் கால் வைத்திராத யூரி நோரசோவ். லெனின்கிராடில் உட்கார்ந்து படித்தே கண்டுபிடித்தார். நமக்கும் அவர் அந்நியர் அல்ல. 1960-களில் சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்து, அதன் மொழி திராவிடமாக இருக்கலாம் என்று சொன்ன சோவியத் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். தமிழோடு மெய்யான தொடர்பு இந்த அளவில்தான். நம்மூர் மயன்தான் அந்த மாயா என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. சப்போட்டாவையாவது சொல்லலாம். நாம் தின்னும் அந்தப் பழத்தின் மரத்தில்தான் அவர்கள் கோயில் வாசல்களுக்கு உத்தரம் போட்டார்கள்.

சாலை விவரங்களுக்கு வருகிறேன். மெரிடாவுக்கும் கான்கூனுக்கும் நடுவே ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு சாலைகள். ஒன்று சுங்கம் கட்டும் விரைவுச் சாலை. ஊர் எதையும் தொடாது. இன்னொன்று பழைய சாலை. ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து வரும். அங்கே வேகத்தடைக்குத் தோப்பே என்று பெயர். பல இடங்களில் எச்சரிக்கைப் பலகையும் இருக்காது, வண்ணப் பூச்சும் இருக்காது. இந்த விஷயத்தில் நமக்குப் பயிற்சி உண்டு என்றாலும், வலதுபுறம் ஓட்ட வேண்டும் என்பதால் மருமகன்தான் ஓட்டப்போகிறான். இருட்டிய பிறகு விளக்கில்லாத சைக்கிள்களும் மாடுகளும் குறுக்கே வரும். எனவே மாலை ஐந்தரைக்கு மேல் சாலையில் இருப்பதில்லை என்று முடிவு. வாடகைக் காருக்கு விளம்பரத்தில் போடும் தொகையை நம்பக் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். பெரும்பாலும் அதைக் கவுன்டரில் தனியாக வசூலிப்பார்கள்.

2023 டிசம்பரில் மாயா ரயில் ஓடத் தொடங்கியது. காடும், நிலத்தடிக் குகைகளும் பாழாகின்றன என்ற எதிர்ப்புக்கு நடுவே போட்ட பாதை. இஸமால், சிச்சேன் இட்சா, வயாதோலித் எல்லாம் அதில் வருகின்றன. மானி வராது. கார் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க இதுவும் காரணம்.

சைவர்கள் கவனிக்க: கறுப்பு அவரையைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில்தான் தாளிக்கிறார்கள். ‘மன்தேகா இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டுச் சாப்பிடவும். முட்டை தின்பவர்களுக்கு பப்பாத்சூல் இருக்கிறது. அவித்த முட்டையை மக்காச்சோள ரொட்டியில் சுருட்டி, பூசணி விதைச் சாறு ஊற்றித் தருவார்கள். மானியில் உள்ள அந்தச் சாப்பாட்டுக் கடையின் புகழெல்லாம் நெருப்பில் வாட்டிய பன்றி இறைச்சிக்கு. மருமகன் மெல்ல வழிக்கு வந்ததில் அதற்கும் பங்குண்டு என்று சந்தேகிக்கிறேன்.

சிச்சேன் இட்சாவை ஒதுக்கவில்லை. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வரும் இடம் என்பதால், முந்தைய இரவு வயாதோலித்தில் தங்கி, கான்கூன் பஸ்கள் வந்து சேருமுன் வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுவதாக ஏற்பாடு. 365 படி கொண்ட பிரமிடில் இப்போது ஏற விடுவதில்லை. கீழே நின்று பார்க்க ஒரு மணி நேரம் போதும். வயாதோலித்தும் மாயா ஊரான சாசியின்மேல் கட்டியதுதான். அங்குள்ள மடத்துக்கு அடியில் ஓர் இயற்கைக் கிணறு. மடத்துக்குத் தண்ணீர் அதிலிருந்து போனது. 1847-ல் மாயா தலைவர் ஒருவரை இந்த ஊரில் வைத்துச் சுட்டுக் கொன்றதையடுத்து மூண்ட போர், அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் ஏழரை லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த மாயா மொழியைப் பேசுகிறார்கள். மானியில் அந்த மடத்தின் வாசலில் உட்கார்ந்து, அந்தப் பேச்சைக் காதால் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. வழியை விசாரிக்க ஒரு சொல் ஏற்கெனவே தெரியும்.

நேற்று மருமகன் பயண அட்டவணையை அனுப்பியிருந்தான். மூன்றாம் நாள் கட்டத்தில் “மானி, சாப்பாடு உட்பட 2 மணி” என்று போட்டிருக்கிறான். அரை நாள் என்று திருத்தச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.