சுவரில் இருக்கும் ரெகுலேட்டருக்கு ஒத்துப்போகும் மின்விசிறி வேண்டும்

திருநெல்வேலியில் வெக்கை சித்திரை, வைகாசியோடு முடிந்துவிடுவதில்லை. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியிலும் பாளையங்கோட்டைக்குக் காற்று வருகிறதே தவிர மழை அரிது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு மின்விசிறி ஒரு தொழில் கருவியும்கூட. முழு வேகத்தில் ஓடவிட்டால் முறத்தில் கிடக்கும் தூள் பறக்கும். நிறுத்திவிட்டால் வியர்வை இலையில் சொட்டும். இரண்டிலோ மூன்றிலோ வைத்தாக வேண்டும். அப்படி வைக்கும் குமிழ் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், பல ஆண்டுகளாக இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் மின்சாரம் மிச்சப்படுத்தும் மின்விசிறிகளில் பெரும்பாலானவை அந்தக் குமிழோடு சேர்வதில்லை. சேர வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

மிச்சம் சிறியதல்ல. பழைய வகை மின்விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், மின்சாரம் மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள புதியது 30 வாட் அளவில் நின்றுவிடும். நாளுக்கு 15 மணி நேரம், 60 நாள் என்று கணக்கிட்டால் பழையது 67.5 யூனிட், புதியது 27 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பழைய மின்விசிறி இரண்டு ஓடினாலே 135 யூனிட் ஆகி அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. புதியவை இரண்டும் சேர்ந்து 54 யூனிட்தான், விளக்குக்கும் டி.வி.க்கும் மிக்சிக்கும் இன்னும் 46 யூனிட் கையில் இருக்கும். இந்த மிச்சம் ஏ.சி. வாங்க முடியாத வீடுகளுக்குத்தான் மிகவும் தேவை. ஆனால் வேகத்தை மாற்ற ரிமோட்டை மட்டுமே நம்பியிருக்கும் இந்தப் புதிய மின்விசிறி தயக்கத்தை உண்டாக்குவதும் அதே வீடுகளில்தான்.

சேராததற்குக் காரணம் எளியது. சுவர் ரெகுலேட்டர் மின்விசிறிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்கிறது. பி.எல்.டி.சி. மோட்டாரின் தலையிலோ ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி, வேகத்தை அதுவே தீர்மானிக்கிறது. இடையில் ரெகுலேட்டர் இருந்தால் வேகம் சரியாக மாறாது, பலகை பழுதாகவும் கூடும். அதனால்தான் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கும்படி கையேட்டில் எழுதுகிறார்கள். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும், சுவிட்ச் போர்டைத் திறக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும் கேட்க வேண்டும். அதன்பின் ஒரு சின்ன ரிமோட் தொலைந்தாலோ அதன் பேட்டரி தீர்ந்தாலோ, கண் மங்கிய பாட்டி இரவு இரண்டு மணிக்குக் காற்றைக் குறைக்க யாரையாவது எழுப்பத்தான் வேண்டும்.

புதிய பொருள் பழைய பொருத்தியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போயின. விலை குறைந்தது ஒரு காரணம். குண்டு பல்பு தொங்கிய அதே ஹோல்டரில் எல்.இ.டி.யை மாட்ட முடிந்தது, அதற்குச் சற்றும் குறையாத காரணம். ஐரோப்பாவின் குளிர் நாடுகளிலும் இதே பாடம் உண்டு. அங்கே அறைக்கு அறை சுவரோரம் வெந்நீர் ஓடும் இரும்புத் தகடு இருக்கும். அதன் வால்வின் மேல் ஒரு தலை. அதற்குள் இருக்கும் மெழுகோ திரவமோ அறை சூடானால் விரிந்து, வெந்நீரைத் தானே மட்டுப்படுத்தும். டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் 1943-இல் கொண்டுவந்த யோசனை அது. இன்று வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் தலைகளில் பெரும்பகுதி 30 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. இடைவெளி கொண்ட ஒரே மரையில் திருகிக்கொள்கின்றன. பொருந்தாத வால்வுக்கு இடையில் போட ஒரு வளையம் கிடைக்கிறது. மின்னணுத் தலை வந்தபோது யாரும் குழாயை உடைக்கவில்லை. பழையதைத் திருகிக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள்.

மின்விசிறி சுவர் ரெகுலேட்டரோடு சேர வேண்டும் என்று விதித்தால் விலை ஏறும் என்று உற்பத்தியாளர்கள் சொல்லக்கூடும். கொஞ்சம் ஏறலாம், ஆனால் எலெக்ட்ரீசியன் கூலியையும் மாற்று ரிமோட் வாங்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாதம் பெரிதாக நிற்காது. சுவர் ரெகுலேட்டரோடு ஓடும் பி.எல்.டி.சி. மாடல்களைச் சில நிறுவனங்கள் ஏற்கெனவே விற்கின்றன. ஆகவே முடியாத காரியமல்ல. ரெகுலேட்டர் பழைய காலத்துப் பொருள், அதற்காகப் புதுமையைக் கட்டிப்போடலாமா என்பது இதைவிட வலுவான கேள்வி. ரிமோட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, கட்டிலிலிருந்தே வேகத்தை மாற்றுவது நோயாளிக்குப் பெரிய உதவி. ரிமோட்டும் இருக்கட்டும், குமிழும் வேலை செய்யட்டும் என்பதே கோரிக்கை.

2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அந்த முத்திரை ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதைக் கொண்டு தரப்படுகிறது. வீட்டிலுள்ள ரெகுலேட்டரோடு ஓடுமா என்பதைச் சொல்வதில்லை. எரிசக்தித் திறன் பணியகம் அந்த ஒரு வரியை முத்திரையில் சேர்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கான அளவுகோலை எழுத வேண்டும். தமிழக அரசுக்கும் இதில் வலு உண்டு. 2011-இல் மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறியையும் வாங்கி வீடு வீடாகக் கொடுத்த அரசு இது. மருத்துவமனைக்கும் விடுதிக்கும் மின்விசிறி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் இந்த நிபந்தனையை எழுதினாலே சந்தை திரும்பும். அதுவரை, வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: எங்கள் வீட்டு ரெகுலேட்டரில் இது ஓடுமா?