வில்லின் நாதம் நாடாவில் மடியலாகாது

1950களில் மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியில் இடமில்லாமற் செய்தபோது, தென்கோடியில் வாழும் நம் ஜனங்கள் இலங்கை வானொலியின் பக்கம் செவியைத் திருப்பினார்கள். பின்னர் 1957-இல் விவித் பாரதியும், 1963-இல் திருநெல்வேலி நிலையமும், 1984-இல் உள்ளூர் வானொலி என்ற வகையில் நாட்டிலேயே முதலாவதான நாகர்கோவில் நிலையமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, தேநீர்க் கடையிலும் பஞ்சாயத்து ரேடியோவிலும் வீட்டுத் திண்ணையிலும் சங்கீதம் சர்வ ஜனங்களின் உடைமையாயிற்று. அந்தப் பொற்காலத்தின் ஒலிப்பதிவுகளில் எவற்றை முதலில் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு நமது விடை ஒன்றே: உள்ளூர்க் கலைஞரின் குரலை.

சினிமாப் பாட்டு இசைத்தட்டில் ஆயிரக்கணக்கான பிரதிகளாக வெளிவந்தது. ஒன்று உடைந்தாலும் எங்கோ ஒரு ரசிகரின் அலமாரியில் இன்னொன்று இருக்கும். ஆனால் தோவாளையிலிருந்தோ அகஸ்தீஸ்வரத்திலிருந்தோ வந்த ஒரு வில்லுப்பாட்டுப் புலவர், கோவில் கொடை விழாவில் விடிய விடியப் பாடும் இசக்கியம்மன் கதையை வானொலிக்காகச் சுருக்கிப் பாடியிருந்தால், அதற்கு உள்ள சாட்சி ஒரே ஒரு நாடாதான். கதையை ஏட்டிலிருந்து மீட்டு விடலாம். வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்குவதும், குடத்தின் வாயில் பத்தி விழுவதும், முன்பாட்டு முடியுமுன்னே பின்பாட்டு வந்து தாங்கிக் கொள்வதும் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

அந்த நாடாவின் ஆயுளோ அற்பமானது. பிளாஸ்டிக் பட்டையின்மேல் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி நெகிழ்கிறது. இரு பருவமழையும் பெய்கிற, கடற்காற்று ஓயாத நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேடு விரைவிலேயே நேரும். அவ்வாறு நைந்த நாடாவை ஓட்டினால் அது கிறீச்சிட்டு ஒட்டிக் கொள்ள, ஒலிமுனையில் பழுப்புத் தூள் படிகிறது. அந்தத் தூளோடு பாட்டும் உதிர்ந்து போகிறது. ஓட்டும் இயந்திரங்களும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அருகி வருவதைக் கண்டே, சர்வதேச ஒலி ஆவணக் காப்பாளர் சங்கமும் யுனெஸ்கோவும் 2019-இல் உலகை எச்சரித்து 2025-ஐக் கெடுவாகக் குறித்தன. இனித் தவணை கேட்க இடமில்லை.

பெரும் வித்வான்களின் கச்சேரிகளை அகில இந்திய வானொலி கணினிப் பிரதிகளாக்கி வருவதை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் டில்லியில் வரிசை வகுக்கும்போது வில்லுப்பாட்டும் களியலாட்டப் பாட்டும் கடைசியில்தான் நிற்கும். அவற்றின் முறை வருமுன் நாடா போய்விடும். செலவைக் காட்டித் தயங்குவோர், பழைய நாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்திச் சிக்கனம் செய்த பிபிசி, பின்னாளில் அவற்றைத் தேடி உலகெங்கும் அலைந்த சரித்திரத்தை நினைவு கொள்ளட்டும். அங்கே காணாமற்போன 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் பகுதிகளுக்கு ஒலியாவது எஞ்சியது, நேயர்கள் தம் வீட்டில் பதிந்து வைத்திருந்த நாடாக்களால்தான். நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் கேசட்டுகளையும் குப்பையென்று தள்ளலாகாது.

ஆகவே, நாகர்கோவில், திருநெல்வேலி நிலையங்களிலுள்ள உள்ளூர் ஒலிப்பதிவுகளின் முழுப் பட்டியலை, வானொலியை நடத்தும் பிரசார் பாரதி வெளியிட வேண்டும்; பிரதி எடுக்கப்படாத எந்த நாடாவையும் அழிக்கலாகாது என்று உத்தரவிட வேண்டும்; எடுத்த பிரதிகளை இரண்டு ஊர்களில் தனித்தனியே வைக்க வேண்டும். மாநில சர்க்கார் தன் பங்குக்கு, நாகர்கோவிலில் எவரும் வந்து கேட்கத்தக்க ஒரு கேட்பறையை அமைத்து, வீட்டுக் கேசட்டுகளையும் அங்கே வாங்கிப் பிரதி செய்து தர வேண்டும். உரிமைச் சிக்கலைச் சொல்லிக் கதவை அடைப்பது நியாயமன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமைக்கு 25 ஆண்டு என எல்லை வகுத்திருக்கிறது. பாடியவரின் குடும்பத்தாரிடம் மரியாதையுடன் சம்மதம் பெற்று, வருவாய் கிடைக்குமாயின் அதில் அவர்களுக்குரிய பங்கைக் கொடுப்பதே தர்மம்.

ஜனங்களின் வரிப்பணத்திலும் அந்நாளில் அவர்கள் கட்டிய ரேடியோ லைசென்ஸ் கட்டணத்திலும் உருவான சம்பத்து இது. அதை அழியாமல் காத்து அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைப்பது சர்க்கார் காட்டும் சலுகையன்று, அது திருப்பித் தர வேண்டிய கடன்.